முதல் குட்டையின் பொறுப்பாளர்

அந்த நிலக்கரிச் சுரங்கத்தை மூடி மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் அங்கே போய்வந்துகொண்டுதான் இருந்தாள். நிலக்கரி வெட்டுவது நின்றுபோனாலும் தண்ணீர் வருவது நிற்கவில்லை. வெட்டிய பள்ளத்தில் ஊறுவதும், தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் மழை பெய்து வழிவதும் எங்கேயாவது போயாக வேண்டும். அதற்காக ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வண்டல் குட்டைகள் இருந்தன. கலங்கல் நீர் முதல் குட்டையில் வந்து தேங்கும். சேறு அடியில் படியும். கொஞ்சம் தெளிந்தது இரண்டாவதற்கும் பிறகு மூன்றாவதற்கும் இறங்கும். அங்கிருந்து ஓடைக்கு. ஓடைக்குக் கீழே வீடுகள்.

சுரங்கம் ஓடிய நாட்களில் அவள் வந்தால் மேலாளரே ஜீப்போடு வாசலில் நிற்பார். ஒருவன் குடை பிடிப்பான், ஒருவன் தட்டில் பிஸ்கட் நீட்டுவான். இப்போது மிச்சம் இருந்தது ஒரே ஒரு காவலாளி. அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் அங்கேயே பம்பு ஓட்டியவர். எந்நேரமும் இடுப்பளவு தண்ணீரில் நின்றதால் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் தவளை. அவர் மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். லாரி எடைபோடும் மேடைக்குப் பக்கத்து அறையில் இருவரும் குடியிருந்தார்கள். எடைக்காரர் உட்காரும் ஜன்னல் அப்படியே இருந்தது. அதன் பலகையில் இப்போது சீப்பும் மாத்திரை அட்டையும் சோப்புப் பெட்டியும் இருந்தன.

"இருபது டன் ஏறுற மேடை மேல நின்னு பாத்தேன் மேடம், முள்ளு அசையவே இல்ல," என்றார் தவளை ஒருநாள். "அவ ஏறினதும் லேசா ஆடிச்சு."

"ஆடும், ஆடும். உன் பாரத்தையும் சேர்த்துத்தானே சுமக்குறேன்," என்றாள் உள்ளிருந்து அவர் மனைவி.

அன்று ஆய்வாளர் அளவுக் கழியை முதல் குட்டையில் ஐந்து இடத்தில் இறக்கிப் பார்த்தாள். நான்கு மீட்டர் ஆழக் குட்டையில் மூன்று மீட்டர் வண்டல். இரண்டு புள்ளி நான்கைத் தாண்டினால் வாரியாக வேண்டும் என்பது விதி. தண்ணீர் வந்து விழும் மூலையில் சேறு திட்டாக மேலே எழும்பி, அதன்மேல் புல்கூட முளைத்திருந்தது. கடைசிக் குட்டையிலிருந்து தண்ணீர் ஓடைக்கு இறங்கும் வழிவாயில் பாட்டில்களில் நீர் பிடித்து, மூடியில் தேதி எழுதினாள்.

வண்டலை வாரச் சொல்லி நிறுவனத்துக்கு அனுப்பிய கடிதங்கள் எல்லாம் 'கதவு பூட்டியுள்ளது' என்று திரும்பி வந்திருந்தன. அலுவலகத்தில் மேலதிகாரி அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: "நோட்டீஸை யார் கையிலயாவது கொடுத்தாகணும்மா. அந்த இடத்துல யார் இருக்காங்களோ அவங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடுங்க. சும்மா ஒரு சம்பிரதாயம்."

எடைமேடையின் விளிம்பில் தாளை வைத்து நீட்டினாள். கீழே இரண்டு சொல் அச்சாகியிருந்தது: 'இடத்தின் பொறுப்பாளர்'. அதைப் பார்த்ததும் அவளுக்கு மனதில் என்னமோ நெருடியது. 'காவலாளி' என்று பக்கத்தில் எழுதிவிடலாமா என்று யோசித்தாள். அச்சடித்த படிவத்தில் கிறுக்கினால் திருப்பி அனுப்புவார்கள். மணி நாலாகியிருந்தது, அந்தப் பாதையில் கடைசிப் பேருந்து நாலேகாலுக்கு.

"இங்க போடுங்கண்ணே."

தவளை கையைச் சட்டையில் துடைத்தார். "சம்பளச் சீட்டைத் தவிர என்கிட்ட யாரும் கையெழுத்து கேட்டதில்ல மேடம்," என்றார். எழுத்து எழுத்தாக, கோட்டுக்குக் கீழே இறங்காமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலப் போட்டார். போட்டுவிட்டு ஒருமுறை ஊதினார், மை காய.

முப்பது நாள் கழித்து அவள் மறுபடி போனாள். நோட்டீஸில் கொடுத்த கெடு அது. எதுவும் நடந்திருக்காது, 'இணங்கவில்லை' என்று எழுதிவிட்டுத் திரும்பலாம் என்ற நினைப்பில் இருந்தாள்.

முதல் குட்டையின் மூலையில் திட்டைக் காணோம். அந்த இடத்தில் ஒரு ரொட்டியைக் கடித்து எடுத்த மாதிரி பள்ளம். கரைக்கு வெளியே கருஞ்சாம்பல் சேறு குவியல் குவியலாகக் காய்ந்துகொண்டிருந்தது. முழங்கால்வரை சேற்றில் நின்று தவளை மண்வெட்டியால் வெட்டி இரும்புச் சட்டியில் நிரப்ப, அவர் மனைவி அதைத் தலையில் வைத்துக் கரையேறிக்கொண்டிருந்தாள்.

"முப்பது நாள்ல எடுக்கணும்னு போட்டிருந்துச்சே மேடம்," என்றார் அவர், ஏதோ தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்பவர்போல. "பொக்லைனுக்குக் கம்பெனி ஆபீஸ்ல கேக்கலாம்னு போன் போட்டேன். மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்கத்தான் ஆள் இல்ல. சரி, நாமளே ஆரம்பிப்போம், பின்னால அவங்க வருவாங்கன்னு."

"இவருக்கு எழுத்தறிவு வந்ததுதான் வினை," என்றாள் மனைவி, சட்டியைக் கவிழ்த்தபடி. "அந்தக் காகிதத்தை ராத்திரி பகல்னு படிச்சுப் படிச்சு மனப்பாடம் பண்ணிட்டாரு."

ஆய்வாளர் குவியல்களை அடியால் அளந்து மனதுக்குள் கணக்குப் போட்டாள். எடுத்திருந்தது சுமார் அறுபது கனமீட்டர். எடுக்க வேண்டியது மூவாயிரத்து அறுநூறு. ஒருநாள் விடாமல் இப்படியே வெட்டினால் ஐந்து வருடம். ஒரு நல்ல மழை ஒரே நாளில் இதைவிட அதிகம் கொண்டுவந்து கொட்டும். இதை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் வேறொன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"அண்ணே, இந்தக் குவியல் கரைக்குப் பக்கத்துலயே இருக்கு. மழை வந்தா மறுபடி உள்ளயே போயிடும்."

தவளை குவியல்களைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்துத் தரையில் அறைந்துவிட்டு அறையைப் பார்த்து நடந்தாள்.

"எவ்வளவு தூரம் தள்ளிக் கொட்டணும் மேடம்?"

"ஒரு இருநூறு மீட்டராவது."

"சரி," என்றார்.

அன்று மாலை அலுவலகத்தில் அவள் அறிக்கை எழுதினாள். 'இணங்கவில்லை' என்று மட்டும் எழுதி முடிக்க மனம் கேட்கவில்லை. அந்த மனிதர் பட்ட பாடு எங்கேயாவது ஒரு தாளில் இருக்கட்டும் என்று தோன்றியது. கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'பொறுப்பாளர் எந்த உதவியும் இன்றித் தம் சொந்த முயற்சியில் வண்டல் அகற்றும் பணியைத் தொடங்கியுள்ளார்.' இரண்டுமுறை வாசித்துப் பார்த்தாள். பல வருடங்களில் அவள் எழுதிய நல்ல வரி அதுதான் என்றுகூட நினைத்தாள்.

அந்த வரிதான் அவரை மாட்டிவிட்டது.

ஆறு வாரம் கழித்து நீதிமன்றச் சம்மன் தவளையின் பெயருக்குப் போனது. விஷயம் தெரிந்ததும் ஆய்வாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேலதிகாரியின் அறைக்கு ஓடினாள்.

"சார், அவர் வெறும் காவலாளி. கம்பெனி மேலதானே வழக்குப் போடணும்?"

"கம்பெனியைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க, போட்டுடலாம்." மேலதிகாரி கெட்டவரில்லை, ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது, அவ்வளவுதான். கோப்பைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். "கையெழுத்து மட்டும் இருந்தா நானே வாபஸ் வாங்கியிருப்பேன்மா. ஏமாந்து போட்டார்னு சொல்லலாம். ஆனா வேலையை ஆரம்பிச்சிருக்காரே. பொறுப்பு இல்லாதவன் எதுக்கு அள்ளப் போறான்னு சட்டப் பிரிவுல கேக்கறாங்க. நீங்களே எழுதியிருக்கீங்க, பாருங்க."

விரலால் அந்த வரியைக் காட்டினார்.

வீட்டில் அவள் கணவனிடம் சொன்னாள். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவன். சாப்பிடும்போதும் விரல் நுனிகளில் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும்.

"நீ நல்லதுதானே எழுதின," என்றான்.

"நல்லது எழுதினேங்க. அதான்."

அவன் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினான்.

நீதிமன்றத்தில் தவளை இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். நகக்கண்களில் சேறு கருப்பாகத் தங்கியிருந்தது. அதை மறைக்கக் கையை மடக்கி வைத்துக்கொண்டார். நீதிபதிக்குக் கடுமையான ஜலதோஷம். ஆய்வாளரைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். கையெழுத்து உங்கள் முன்னால் போட்டதா? ஆமாம். அள்ளியதைக் கண்ணால் பார்த்தீர்களா? பார்த்தேன். "ஐயா, இவர் காவலாளி, இவருக்கு எந்த அதிகாரமும்..." என்று அவள் ஆரம்பித்ததை அரசு வழக்கறிஞர் குறுக்கே கேட்ட அடுத்த கேள்வி விழுங்கிவிட்டது.

நீதிபதி அவள் அறிக்கையின் கடைசி வரியைச் சத்தமாக வாசித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு தவளையைப் பார்த்தார்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளா. பாராட்டணும்," என்றார். பிறகு தீர்ப்பு சொன்னார். அபராதம் இல்லை, சிறை இல்லை. எடுத்த பணியைப் பொறுப்பாளரே முடிக்க வேண்டும். வண்டல் விதித்த அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று ஆய்வாளர் சான்று கொடுக்கும்வரை அவர் இடத்தை விட்டுப் போகக் கூடாது. போனால் கைது.

தவளை கைகூப்பி நன்றி சொன்னார். படி இறங்கும்போது ஆய்வாளரிடம் மெதுவாகக் கேட்டார்: "மேடம், நாம ஜெயிச்சுட்டோமா?"

அவர் மனைவி முந்திக்கொண்டாள். "ஜெயிச்சுட்டோம். குட்டையை ஆயுசுக்கும் நமக்கே எழுதிக் கொடுத்துட்டாங்க. வா, பஸ்ஸு போயிடும்."

அதன்பிறகு ஆய்வாளர் போகும்போதெல்லாம் எதையாவது எடுத்துக்கொண்டு போவாள். ரப்பர் பூட்ஸ், முதுகுவலித் தைலம், ஒருமுறை கணவனிடம் சொல்லிச் செய்த கண்ணாடி. தூசியில் தவளைக்குப் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் முதலில் பார்த்தது குட்டையைத்தான். "இவ்வளவு பெருசா இது!" என்றார்.

நிறுவனத்தைத் தேடி அவள் எழுதாத இடம் இல்லை. பதிவு அலுவலகத்தில் கிடைத்த முகவரிக்கு எழுதியும் பதில் வராததால் ஒரு விடுமுறை நாளில் நேரிலேயே போனாள். மூன்றாவது மாடியில் பல் மருத்துவமனை இருந்தது. வரவேற்பில் இருந்த பெண், "போன மாசமும் யாரோ கேட்டு வந்தாங்க. அவங்க பேருக்கு வர்ற கடிதம்தான் இங்க வந்துக்கிட்டே இருக்கு," என்று ஒரு கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். மேலே இருந்தது ஆய்வாளரின் கையெழுத்துள்ள உறை.

மழைக்காலம் ஒன்று வந்து போனது. அவர்கள் கடித்தெடுத்த பள்ளம் ஒரே வாரத்தில் தூர்ந்து, திட்டு பழையபடி எழும்பியது. தவளையின் மனைவிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. தூரத்து ஊரில் இருந்த அவள் அண்ணன், துணி வெளுக்கும் ஆலை ஒன்றில் தவளைக்கு வேலையும், தங்க ஒரு அறையும் பேசி வைத்திருந்தான். மூன்றுமுறை ஆள் அனுப்பினான். தவளையால் போக முடியவில்லை. கடைசியில் அவள் மட்டும் போனாள், வைத்தியம் பார்த்துக்கொள்ள.

"மச்சான் சொல்றாரு, அங்க பம்பு ரூமு இருக்காம். காலு நனையாம நின்னுக்கிட்டே பாக்கலாமாம்," என்று ஆய்வாளரிடம் சொன்னார் தவளை. சொல்லிவிட்டுச் சட்டியைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

அடுத்தமுறை அவள் போனபோது அவர் கரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க மண்வெட்டியின் காம்பைப் பிடிக்க வேண்டியிருந்தது. கழுத்து எலும்பு சட்டைக்கு வெளியே துருத்தியது. அறைக்குள் அடுப்பு பல நாளாகப் பற்றவைக்காதது போலக் கிடந்தது; ஜன்னல் பலகையில் ஒரே ஒரு ரொட்டிப் பொட்டலம், அதன் வாயை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார்.

முந்தின இரவே அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள். அப்போது கணவன் கேட்டான்: "ஒரு நம்பர்தானே?"

"ஒரு நம்பர்தான்," என்றாள்.

கழியை இறக்கினாள். ஐந்து இடத்திலும் மூன்றுக்கு மேல்; ஓரிடத்தில் மூன்று புள்ளி இரண்டு. படிவத்தில் ஐந்து கட்டத்திலும் வரிசையாக எழுதினாள்: இரண்டு புள்ளி மூன்று, இரண்டு புள்ளி இரண்டு, இரண்டு புள்ளி மூன்று என்று ஐந்தும் விதித்த அளவுக்குக் கீழே.

தவளை பக்கத்தில் வந்து நின்றார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

"மேடம், கழி மூணைத் தாண்டிச்சு."

"காத்துல சாஞ்சுடுச்சுண்ணே."

"காத்தே இல்லையே."

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். அவர் படிவத்தைப் பார்த்தார், குட்டையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் அந்தத் தண்ணீரில் நின்றவருக்கு ஆழத்தைக் கழி வைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"அப்போ நான் போகலாமா?"

"போகலாம். நாளைக்கே கிளம்புங்க."

அவர் சந்தோஷப்படுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நான் அள்ளினதாலயா மேடம் குறைஞ்சிருக்கு?"

ஆய்வாளர் பேனாவை மூடினாள். "ஆமாண்ணே. நீங்க அள்ளினதாலதான்."

அது பொய் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்தது. "சரி," என்று எழுந்து, மண்வெட்டியை மூன்றாவது குட்டையின் தெளிந்த நீரில் கழுவப் போனார். யாருக்காகக் கழுவுகிறார் என்று அவள் கேட்கவில்லை.

சான்று வந்ததும் மேலதிகாரி மனம்விட்டுச் சிரித்தார். "என் சர்வீஸ்ல முடிச்சு வெச்ச முதல் சுரங்கக் கோப்பு இதுதான்மா." விதிக்கு உட்பட்டதாகிவிட்ட இடத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு தேவையில்லை. பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

தவளை போன பிறகு பம்பு ஓட்ட ஆள் இல்லை. வழிவாயில் சேரும் செத்தையை எடுக்க ஆள் இல்லை. மழைக்காலம் தொடங்கிய மூன்றாவது வாரம் ஓடைக்குக் கீழேயிருந்து ஒரு மனு வந்தது. பதினொரு வீட்டுக்காரர்கள் எழுதியது. ஓடை கருப்பாக வருகிறது, கிணறுகளும் கெட்டுவிட்டன, வந்து பாருங்கள். மேலதிகாரி அதை அவளிடமே கொடுத்தார். "நீங்கதானே கடைசியா பாத்தது."

முதல் குட்டையின் கரை பத்தடி அகலத்துக்கு வாய்பிளந்திருந்தது. சேறு இரண்டாவதையும் மூன்றாவதையும் நிரப்பிவிட்டு நேராக ஓடைக்குள் வழிந்துகொண்டிருந்தது, அவசரமே இல்லாமல், கூழ் மாதிரி. அவள் பாட்டிலில் பிடித்தாள். பாட்டில் கருப்புக் கல் போலக் கனத்தது.

கீழே முதல் வீட்டில் ஒரு பெண் வாசலில் நான்கு வாளிகளை வரிசையாக வைத்து, ஒன்றில் தெளிந்ததை அடுத்ததில் மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தாள். நான்காவது வாளியிலும் அடி தெரியவில்லை.

"நீங்க ஆபீஸா? இன்னும் எத்தனை நாளைக்குங்க இப்படி?"

"பாத்து எழுதறேன்ம்மா."

"உண்மையை எழுதுங்க. போன தடவை எல்லாம் சரியா இருக்குன்னு யாரோ எழுதிட்டாங்களாம். மனு கொடுக்கப் போனப்போ சொன்னாங்க. அந்த ஆள் இந்தத் தண்ணியை ஒரு வாய் குடிச்சுப் பாக்கணும்."

ஆய்வாளர் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்ய?

பேருந்தில் திரும்பும்போது எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டாள். உண்மையை எழுதினால் அவள் கொடுத்த சான்று பொய்யாகும். சான்று பொய்யானால் நீதிமன்ற உத்தரவு உயிரோடு இருக்கிறது. இடத்தை விட்டுப் போனவர் என்று தவளையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அவள் வேலை போவதும் போகட்டும். அவரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் கரையை யார் கட்டப் போகிறார்கள்? பொய்யைத் தொடர்ந்தால் பதினொரு வீடு. எந்தப் பக்கம் எழுதினாலும் தண்ணீர் ஒரே நிறத்தில்தான் வரப்போகிறது.

'வழக்கத்துக்கு மாறான கனமழையால் கரை சேதம். இயற்கைக் காரணம். எவரும் பொறுப்பல்ல' என்று எழுதினாள். குடிநீர் லாரி அனுப்பப் பரிந்துரைத்து ஒரு பத்தி சேர்த்தாள். மேலதிகாரி அந்தப் பத்தியை, அது நம் துறை வேலை இல்லை என்று அடித்துவிட்டு மீதியை அனுப்பினார்.

அந்த வாரமே தவளை போன் செய்தார். பின்னால் பெரிய இயந்திரங்கள் சுழலும் இரைச்சல். முழங்கால் தேவலையாம், அவர் மனைவி ஆலையிலேயே துணி மடிக்கிறாளாம். தண்ணீர் அங்கே சுடச்சுட வருமாம், சோப்பு மணக்குமாம்.

"மழைன்னு கேள்விப்பட்டேன் மேடம். கரை நிக்குதா?"

"நிக்குதுண்ணே."

இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "வழிவாயில செத்தை அடைக்கும் மேடம். யாரையாவது விட்டு எடுக்கச் சொல்லுங்க. நீளமான கொக்கி ஒண்ணு எடைரூம் கதவுக்குப் பின்னால வெச்சிருக்கேன்," என்றார்.

"சொல்றேண்ணே."

"மறந்துடாதீங்க."

"மறக்க மாட்டேன்," என்றாள். மேசைமேல் பதினொரு வீட்டாரின் இரண்டாவது மனு பிரிக்காமல் இருந்தது. அவள் அதை எடுத்து, வந்த தேதியை ஓரத்தில் குறித்தாள்.